தகரத்துக்கு ஒரு காப்பு

இரண்டு கட்டங்கள். ஒன்றைச் சட்டம் கேட்கிறது. மற்றொன்றைச் சட்டம் கேட்கவில்லை. வண்டிக் காப்பீட்டு முகவர் பொன்னுச்சாமி அனுப்பிய தாள் நான்காக மடிந்து என் மடியில் கிடக்கிறது. என் மனைவி மேபெல் வண்டியைப் பெருமாள்புரத்துத் தெருமுனையில் திருப்புகிறாள். ஜங்ஷனில் இருக்கும் பொன்னுச்சாமியின் அலுவலகத்தை அடைவதற்குள் நான் ஒரு கட்டத்தில் குறியிட்டாக வேண்டும், ஏனெனில் காப்பீடு இன்றோடு முடிகிறது. அரை மணி நேரம் இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஒரு வகுப்பின் கட்டுரை ஏடுகள் முழுவதையும் திருத்தி அடுக்கியவன் நான். முப்பத்துநான்கு ஆண்டுகள் அதைச் செய்தவன். ஒரு தாளில் ஒரு குறி இடுவதற்கு அரை மணி நேரம் போதாமல் இருக்குமா? போதாது போலிருக்கிறது. முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம்முடைய வண்டி பிறர்மீது மோதினால் அந்தப் பிறருக்குத் தர வேண்டியது. இது கட்டாயம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது கட்டம் நம்முடைய வண்டிக்கே நேரும் சேதத்துக்கு. இது நம் விருப்பம். வண்டிக்குப் பதினான்கு வயது. அதன் மதிப்பு இன்னதென்று அவர்களே ஒரு தொகையை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொகைக்கு இன்றைக்கு நல்ல பசுமாடுகூடக் கிடைக்காது. பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பை நெருங்கிவிட்டால் வண்டியை அவர்களே எடுத்துக்கொண்டு அந்தச் சிறு தொகையைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். ஆக, காப்பீடு செய்தால் வண்டி போகும். காப்பீடு செய்யாவிட்டால் பணம் போகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடந்த ஐந்து ஆண்டுகளாக இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் இரண்டாவது கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஐந்து முறையும் பொன்னுச்சாமி முதன்முறை கேட்பவரைப் போலச் சிரித்தார். தகரத்துக்கு எதற்கு ஐயா காப்பு என்று நான் கேட்பதும், அதுவும் சரிதான் சார் என்று அவர் ஒப்புவதும் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சடங்கு. இந்த ஆண்டு கோடு போடவில்லை. தாள் வந்து நான்கு நாள் ஆகிறது. சிவப்புப் பேனா சட்டைப் பையில்தான் இருக்கிறது.

சட்டைப் பையில் வேறொரு தாளும் இருக்கிறது. அது என்னுடையது அன்று. நேற்று முற்பகல் வண்டியின் பதிவுச் சான்றைத் தேடி முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியைத் திறந்தேன். பழைய பெட்ரோல் சீட்டுகள், தலைவலித் தைலம், ஒரு கையுறைக் கட்டு, அவற்றின் அடியில் ஒரு கண் மருத்துவமனையின் நீள உறை. உறையின்மேல் மேபெலின் பெயர், வயது அறுபத்தாறு, மார்ச் மாதத்து நாள் ஒன்று. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவளுடன் பணிபுரிந்த செவிலி ஒருத்தியின் மகளுக்கு வளைகாப்பு என்று சொல்லிப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். ஏழு மாதமாகிறது. உறைக்குள் இரண்டு வட்டங்கள் அச்சான ஒரு தாள். ஒரு வட்டம் வெளிர்ச் சாம்பல் நிறம், ஓரங்களில் சிறிது புள்ளி. மற்றொரு வட்டத்தில் மைக்கூடு கவிழ்ந்ததைப் போலக் கறுப்பு. நடுவில் ஒரு பொத்தான் அளவுக்கு வெளிச்சம். வட்டங்களின் தலைப்பில் ஆங்கிலச் சுருக்கங்கள்: ஓ.டி., ஓ.எஸ். ஓ.டி. என்ற அதே சுருக்கம், சொந்த வண்டியின் சேதம் என்ற பொருளில், பொன்னுச்சாமியின் தாளிலும் இரண்டாவது கட்டத்துக்கு மேலே இருக்கிறது. ஒரு கணம், ஒரே கணம்தான், இதுவும் காப்பீட்டுத் தாள் என்றே எண்ணிவிட்டேன். வண்டியின் சேதத்தை இப்படி வட்டமாக வரைவார்கள் போலும் என்று. பிறகு புரிந்தது: ஒவ்வொரு வட்டமும் ஒரு கண்ணின் பார்வைப் பரப்பு, கறுப்பு அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடம். பிறகு புரியவில்லை. கறுத்த வட்டம் எந்தக் கண்? அது தாளின் இடப்பக்கத்தில் இருக்கிறது. ஆனால் எவருடைய இடப்பக்கம்? தேர்வறையில் பிள்ளைகளை நோக்கி நிற்கும்போது என் இடக்கைப் பக்கம் அவர்களுக்கு வலக்கைப் பக்கம். மருத்துவர் நோயாளியை நோக்கி அமர்ந்திருப்பார். அவர் பார்ப்பதை அப்படியே அச்சிட்டால் இடமாகத் தெரிவது வலம். அன்றி, நோயாளி பார்ப்பதை அச்சிட்டால் இடம் இடமே. கைப்பேசியில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேடவில்லை. உறையை இருந்த இடத்தில் வைத்தேன். தாளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெயில் முகத்தில் விழுகிறது. மேபெல் கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறாள். அதற்குள் என்ன நடக்கிறதென்று பக்கவாட்டிலிருந்து தெரியவில்லை. அவள் கைகள் எப்போதும்போலத் தளர்வாக இருக்கின்றன. நோயாளியின் கையில் ஊசி ஏற்றும் நரம்பைத் தேடும்போதும் அந்தக் கைகள் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். ஐம்பத்திரண்டாம் வயதில் வண்டி கற்றுக்கொண்டவள். நானும் உடன் சேர்ந்தேன். மூன்றாம் நாள் பயிற்றுநர் என்னைப் பார்த்து, சார் நீங்க கிளாஸ் எடுக்கதோட நிறுத்திக்கிடுங்க என்றார், நிறுத்திக்கொண்டேன். அதிலிருந்து ஓட்டுவது அவள் பங்கு, தாள்கள் என் பங்கு. ஓய்வுபெற்ற பிறகும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் சிவந்திபட்டிப் பக்கம் போய், படுக்கையோடு கிடக்கும் ஐந்தாறு பேருக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறாள். அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அந்த வீடுகளுக்கு இரண்டு மைல், தோளில் மருந்துப் பை, அவளுடைய முழங்கால். வண்டி இல்லையென்றால் அந்தக் கிழமைகள் இல்லை. அந்தக் கிழமைகள் இல்லையென்றால் மேபெல்? இதை நான் யோசிக்க விரும்பவில்லை, ஆயினும் யோசிக்கிறேன்: பணி ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் அவள் வீட்டிலிருந்த எல்லாப் போர்வைகளையும் நாள்தோறும் மடித்து மடித்து வைத்தாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது என்றாள். ஆக, ஓட்டாதே என்று நான் சொல்வதாக இருந்தால் இவ்வளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குரிய வாக்கியம் என்னிடம் இல்லை. ஒருவேளை வெறும் புள்ளிகளாகவே இருக்கலாம். ஒருவேளை அன்றைக்குக் கருவி பழுதாக இருந்திருக்கலாம். ஒருவேளை மருந்து ஊற்றிச் சரியாகியிருக்கலாம்; ஆனால் மருந்துப் புட்டி எதையும் நான் பார்த்ததில்லை, பார்க்கும்படி அவள் வைத்திருக்கவும் மாட்டாள். வண்டியில் நான்கு கீறல்கள் உள்ளன. நேற்றுச் சுற்றிவந்து எண்ணினேன். நான்கும் இடப்பக்கம். வாயிற்கதவு குறுகல் என்று அவள் சொன்னாள், நான் நம்பினேன். அதே வாயிலுக்கு வலப்பக்கத் தூணும் உண்டு என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

இப்போது குறிக்கு வருவோம். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டால் என்ன ஆகும்? ஐந்து ஆண்டு தகரம் தகரம் என்று பேசியவன் திடீரென்று தகரத்துக்குக் காப்புக் கட்டுகிறான் என்றால், மேபெல் முட்டாள் அல்லள், ஒரு நொடியில் விளங்கிக்கொள்வாள். அதுமட்டுமன்று. இடையில் விட்டுப்போன வண்டிக்கு அதை மறுபடி சேர்ப்பதென்றால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று பொன்னுச்சாமி தொலைபேசியில் சொன்னார். அவர் இடப்பக்கம் குனிந்து கைப்பேசியை நீட்டி ஒவ்வொரு கீறலாகப் படமெடுப்பார். மேபெல் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டால்? எப்போதும்போல் இருக்கிறேன், எதுவும் தெரியாதவனாக இருக்கிறேன் என்று பொருள். அதாவது பொய். எழுத்தில் இடும் பொய். சரி, அவள் அறிந்தால் அறியட்டும் என்று குறியிடுகிறேன் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கட்டம் எதைக் காக்கிறது? கதவை, விளக்கை, முன்கண்ணாடியை. நான் அஞ்சுவது கதவுக்காகவா? சாலையோரம் நடந்துபோகும் ஒருவர், அவர் எவராயினும் ஆகட்டும், இடப்பக்கமாக நடந்துபோகிறார். நான் அஞ்சுவது அவருக்காக. அவருக்கு முதல் கட்டம் இருக்கிறது, பணம் தருவார்கள். பணம். அவர் வீட்டாருக்கு. மேபெலுக்கு? அப்படி ஒன்று நிகழ்ந்தபின் அவள் எழுந்து காலையில் காப்பி போடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு எந்தக் கட்டம்? தாளைத் திருப்பிப் பார்க்கிறேன். பின்புறம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். முதல் நிபந்தனையே ஒன்பது வரிக்கு நீள்கிறது, பயனிலை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தேடத் தேட எழுவாயும் கைவிட்டுப் போகிறது. காக்கப்படுபவர் யார்? இழப்பவர் யார்? வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? முருகன்குறிச்சி வந்துவிட்டதா? குளிரூட்டியின் காற்றில் தைல மணம் வருகிறது. எனக்குத் தலை வலிக்கவில்லை, ஆனால் வலிப்பதைப்போல

“இலை! இடம், இடம்!”

கத்தியது நான்தான். இடப்பக்கத்தில், என் கண்ணாடிக்கு ஒரு முழத் தொலைவில், பின்னால் வாழையிலைக் கட்டைக் குறுக்காக வைத்துக் கட்டிய சைக்கிள். மேபெல் நிறுத்திவிட்டாள். இலைகளின் முனை வண்டியை உரசிக்கொண்டு போன ஓசை துணி கிழிவதைப்போல இருந்தது. சைக்கிள்காரர் காலை ஊன்றித் திரும்பி, முதலில் ஓட்டுபவர் பெண் என்பதைப் பார்த்தார், பிறகு தலை நரைத்திருப்பதைப் பார்த்தார், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு மிதித்துப் போய்விட்டார். பின்னால் ஒலிப்பான்கள். மேபெல் வண்டியை எடுக்கவில்லை. இரு கைகளும் ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் இருந்தன, இப்போது தளர்வாக இல்லை. அவள் என் பக்கம் திரும்பவும் இல்லை. நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“என்ன இன்னைக்கு வாயே தொறக்காம வாறீங்க? எப்பவும்போலப் பேசிக்கிட்டே வாங்க. எனக்கு ஓட்டவே பயமா இருக்கு.”

எப்போதும்போல. நான் வண்டியில் வாயை மூடிக்கொண்டு வருகிறவன் அல்லன். இதோ ஒருவன் எதிர்த்திசையில் வருகிறான், இந்தக் கடைக்காரன் படியைச் சாலைவரை இழுத்துவிட்டான், அந்த அம்மாள் பார்க்காமல் இறங்குகிறார் என்று இடப்பக்கச் சன்னல்வழியே தெரியும் குற்றங்களையெல்லாம் அறிவித்துக்கொண்டே வருவது என் வழக்கம். பதின்மூன்று ஆண்டுகள் அவள் அதை வெறுத்தாள். தேர்வு மேற்பார்வை முடிஞ்சிட்டு, மணி அடிச்சாச்சு, கொஞ்சம் சும்மா வாங்க என்பாள். இந்த ஏழு மாதமாக அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாதது மட்டுமா? செவ்வாய், வெள்ளிதோறும், நீங்களும் வாங்களேன், வீட்டுல தனியா என்ன செய்யப்போறீங்க என்று கூப்பிட்டாள். நான் போனேன். கட்டுப் போட்டு முடியும்வரை வண்டியிலேயே அமர்ந்து செய்தித்தாள் படித்தேன். நாற்பது ஆண்டு கழித்து என் துணை அவளுக்கு இனிக்கத் தொடங்கிவிட்டதென்று எண்ணினேன். எண்ணி, கண்ணாடிமுன் நின்று புதுச்சட்டை அணிந்துகொண்டு போனேன். என்னை அவள் விரும்பிக் கூப்பிடவில்லை. அல்லது விரும்பியும் கூப்பிட்டிருக்கலாம். ஒருத்திக்கு ஒருவனுடைய கண் வேண்டியிருப்பதும் அவன் வேண்டியிருப்பதும் ஒன்றா, இரண்டா? யோசனை பாதியில் நிற்கிறது, முன்னால் பேருந்து நகர்ந்துவிட்டது, பின்னால் ஒலிப்பான்கள் விடவில்லை. “இடப்பக்கம் யாரும் இல்லை, எடுக்கலாம்” என்றேன். எடுத்தாள். வண்ணார்பேட்டைவரை நான் எதையும் யோசிக்கவில்லை, யோசிக்க முடியவில்லை. ஒரு நினைவைப் பிடித்து இழுக்கும்போதே ஆட்டோ ஒன்று நிற்கிறது, அதைச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் என்று மனம் தொடங்கும். தள்ளுவண்டி, பழத் தள்ளுவண்டி, தள்ளியே போ என்று வாய் முடிக்கும். ஆற்றுப்பாலத்தில் இடக் கைப்பிடிச்சுவர் நெடுகவும் ஒரே மாதிரி வந்ததால் சொல்ல எதுவுமில்லை. அப்போதும் சுவர், சுவர், சுவர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் தலையசைத்துக்கொண்டே ஓட்டினாள். சுவர் என்று நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் வண்டி சுவரிலிருந்து அரை அடி விலகிச் சீராக ஓடியது. இவ்வளவு பெரிய பொருளை என் சொல்லை நம்பி ஒருவர் செலுத்துகிறார் என்ற எண்ணம் கூச்சத்தையும், சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, ஒருவகை மகிழ்ச்சியையும் தந்தது. அந்த மகிழ்ச்சியே எனக்குப் பெரிய அச்சமாகவும் இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் அல்லவா? நான் சொல்ல, அவள் ஓட்ட. எனக்கு எழுபத்தொன்று. ஒருநாள் நான் உறங்கிவிடுவேன். ஒருநாள் காய்ச்சலில் கிடப்பேன். அன்று வெள்ளிக்கிழமையாக இருக்கும்.

பொன்னுச்சாமி அலுவலகப் படியிறங்கி வந்துவிட்டார். எங்களை மாடி ஏறவிடாமல் வண்டிக்கே வந்து கையெழுத்து வாங்கிப்போவது அவர் செய்யும் மரியாதை. மேபெல் பக்கத்துச் சன்னலில் குனிந்து, வணக்கம் சிஸ்டர் என்றார், சார் என்றார், வெயிலைப் பற்றிச் சொன்னார், தம் தாயாருடைய சர்க்கரை அளவைச் சொல்லி அவளிடம் ஒரு கருத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு என் மடியைப் பார்த்து, சார், சுண்டைக்காய்தானே இந்த வருசமும், கோடு போட்டுக் கொடுத்துருங்க என்று கையை நீட்டினார். நான் தாளைக் கொடுக்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூடினேன். முதல் கட்டம், இரண்டாவது கட்டம். இரண்டும் இல்லாத ஒன்றைத்தான் இவ்வளவு நேரமும் நான் தேடிவந்திருக்கிறேன் என்று தோன்றியது. வாய் தானாகக் கேட்டது.

“ஓட்டுகிறவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்தே வண்டியை எடுத்தால், கம்பெனி பணம் கொடுக்குமா?”

பொன்னுச்சாமி சிரித்தார். யாருக்கு சார், உங்களுக்கா, நீங்கதான் ஸ்டியரிங்கையே தொட்டது கிடையாதே என்றார். நான் சிரிக்கவில்லை. மேபெல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். மடித்து முடிப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

“கேக்கதை ஒழுங்காக் கேளுங்க” என்றாள் என்னிடம். “இடது கண்ணு. மத்தது நல்லாத்தான் இருக்கு. இடது கண்ணுன்னு சொல்லிக் கேளுங்க.”

பொன்னுச்சாமியின் சிரிப்பு முகத்தில் பாதியளவு மிஞ்சி நின்றது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து வட்டங்கள் அச்சான தாளை எடுத்து, அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்க்கவில்லை. பாத்தாச்சா என்று மட்டும் கேட்டாள். நேற்று என்றேன். அப்பம் நேத்தே கேட்டிருக்கலாம்லா என்றாள். மார்ச்சிலேயே நீ சொல்லியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னா வண்டியை எடுக்க விடமாட்டீங்க, அந்தச் சனங்க என்ன செய்யும் என்றாள், நான் கேட்டுவிட்டதைப்போலவே. தொடர்ந்து, மிகவும் தாழ்ந்த குரலில், இன்னைக்கு அந்த சைக்கிளை நான் பாக்கவே இல்ல, இலை உரசுத சத்தம்தான் கேட்டுது, நீங்க கத்தினதே அதுக்குப் பெறகுதான் கேட்டுது என்றாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். இயந்திரம் நின்றது. பொன்னுச்சாமி மறுபடி சன்னலில் குனிந்தார். அப்போ வண்டி இனி சும்மாதானே சார் நிக்கும், கட்டாயத்தை மட்டும் போட்டுருவோம் என்றார். சற்று யோசித்துவிட்டு, தம் தொழிலை விடாமல், ஆனா நிக்கிற வண்டி மேல மரம் விழுந்தா அது ரெண்டாவதுலதான் சார் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். எங்கள் வீட்டு வாசலில் வேம்பு ஒன்று உண்டு. அதன் கிளைகளின் பருமனை நான் நினைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஆம், உண்மையாகவே, அந்த நேரத்திலும் தொடங்கினேன். கிழக்குக் கிளை பட்டுப்போனதுதான். அது விழுந்தால் கூரைமேல் விழுமா, கண்ணாடிமேல் விழுமா, ஓட்டாத வண்டியின் கண்ணாடி உடைந்தால் அது இழப்பா என்று மனம் மறுபடியும் சுற்றுவதற்குள், மேபெல் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தாளை வலப்பக்கமாகச் சாய்த்து, தலையை முழுவதும் திருப்பிப் பார்த்து, முதல் கட்டத்தில் குறியிட்டாள். அவள் எதையும் தலையை முழுவதும் திருப்பித்தான் பார்க்கிறாள். எத்தனை மாதமாகவோ.

சாவியைப் பொன்னுச்சாமியிடம் கொடுத்து, யாரையாவது விட்டு வண்டியை வீட்டில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, சிவந்திபட்டிக்கு வெள்ளிக்கிழமை போய்வர ஆட்டோக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் உடனே இரண்டு பேரின் பெயரைச் சொன்னார். ஒருவன் வேகமாகப் போவான் என்றார். அப்ப மத்தவன் என்றாள். பிறகு கதவு சாத்தப்படும் ஓசை. ஓட்டுநர் இருக்கை வெறுமையாக இருந்தது. அவள் அலுவலகப் படிக்குப் போயிருப்பாள் என்று வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் பொன்னுச்சாமி மட்டும் தாளோடு ஏறிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டும் ஓசை என் காதருகே கேட்டது. மேபெல் இடப்பக்கம் வந்து நின்றாள். சுற்றிவந்ததை நான் பார்க்கவே இல்லை. இறங்க முயன்றேன். அந்தக் கதவின் உட்பிடி போன ஆண்டே உடைந்துவிட்டது. உள்ளிருப்பவர் இறங்க வேண்டுமென்றால் வெளியே இருப்பவர் திறந்துவிட வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் அவள் கை பிடியைத் தேடியது, ஒருமுறை தகரத்தில் வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது.